எடிட்டரையும் புதுப்பியுங்கள்: உரைத் திருத்திகளின் பாதுகாப்புக் குறைபாடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலாவியைப் புதுப்பிக்கச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. இயக்குதளத்தைப் புதுப்பிக்கச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டாவது செய்துவிடுகிறார்கள். உரைத் திருத்தியைப் புதுப்பிக்கச் சொன்னால் மட்டும் பலருக்கு வியப்பாக இருக்கிறது. விம், ஈமாக்ஸ், நானோ, நோட்பேட்++, விஎஸ் கோட் போன்றவற்றை நாள்தோறும் பயன்படுத்துவோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எழுத்துகளைக் காட்டும் மென்பொருள்தானே, அதில் என்ன ஆபத்து?

எழுத்துகளைக் காட்டுவதோடு நின்றுவிடும் திருத்தி இன்று அநேகமாக எதுவும் இல்லை. ஒரு கோப்பைத் திறந்த கணத்திலேயே அது எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று திருத்தி ஊகிக்கிறது. எந்த நிரல்மொழி என்று கண்டுபிடித்து வண்ணம் தீட்டுகிறது. கோப்புக்குள் தனக்கென்று அமைப்புக் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று தேடுகிறது. சுருக்கப்பட்ட கோப்பாக இருந்தால் அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று பிரித்துக் காட்டுகிறது. பின்னணியில் பிழைச் சோதனைக் கருவி ஒன்றையும் ஓட்டுகிறது. இவை எல்லாமே, முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய கோப்பைப் படித்து அதன்படி நடக்கும் வேலைகள்.

திருத்தி உங்கள் பெயரில், உங்கள் உரிமைகளோடு ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். தொலைக் கணினிகளுக்குள் நுழையப் பயன்படும் உங்கள் எஸ்எஸ்எச் சாவிகள், மேகச் சேவைகளுக்கான கடவுச்சொற்கள், வெளியிடப்படாத மூலநிரல் ஆகிய அனைத்தையும் அதனால் படிக்க முடியும். நிரலாளர் ஒருவரின் திருத்தி யார் கையிலாவது சிக்கினால், அவர் பராமரிக்கும் மென்பொருளைப் பயன்படுத்தும் எல்லோரும் அடுத்த வரிசையில் நிற்கிறார்கள். அதனால்தான் இந்த விஷயத்தை நான் சிறியதாகக் கருதுவதில்லை.

இது இப்போது புதிதாக முளைத்த பிரச்சினையா?

இல்லை. 1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினிக் கணக்கில் 75 சென்ட் உதைக்கிறதே என்று துருவிய கிளிஃபோர்ட் ஸ்டோல், வெளியிலிருந்து ஒருவர் புகுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த ஊடுருவல்காரர் முழு நிர்வாகி உரிமையைப் பெற்ற வழி, ஈமாக்ஸோடு வந்த மூவ்மெயில் என்ற சிறிய அஞ்சல் நிரல். அது அங்கே நிர்வாகி உரிமையோடு நிறுவப்பட்டிருந்தது. யாரும் கோப்புகளை வைக்கக் கூடாத அமைப்புக் கோப்புறைகளில்கூட அதன் வழியாகக் கோப்புகளைக் கொண்டுபோய் வைக்க முடிந்தது. எழுதுவதற்கான மென்பொருளில் அஞ்சலை நகர்த்தும் வசதியையும் சேர்த்ததால் திறந்த கதவு அது. அன்றிலிருந்து இன்றுவரை திருத்திகளில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளில் பெரும்பாலானவை இப்படிக் கூடுதல் வசதிகளின் ஓரங்களிலேயே இருக்கின்றன.

ஒரு கோப்பைத் திறந்து பார்த்தாலே போதுமா? நான் எதையும் இயக்காவிட்டாலும் தாக்க முடியுமா?

முடியும். நன்கு அறியப்பட்ட உதாரணம் 2019 ஜூனில் வெளிவந்த சிவிஇ-2019-12735. (சிவிஇ என்பது வெளியில் தெரியவந்த பாதுகாப்புக் குறை ஒவ்வொன்றுக்கும் தரப்படும் அடையாள எண்.)

விம்மில் மோட்லைன் என்றொரு வசதி உண்டு. கோப்பின் முதல் ஐந்து வரிகளிலோ கடைசி ஐந்து வரிகளிலோ, "இந்தக் கோப்புக்கு இடைவெளி இத்தனை, மொழி இது" என்று குறித்து வைத்தால் விம் அதைப் படித்துத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், அதில் வரும் கோவைகளைச் சாண்ட்பாக்ஸ் எனப்படும் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் வைத்துத்தான் விம் மதிப்பிடுகிறது. அந்த வளையத்தில் ஒரு விரிசல் இருந்தது. வேறொரு கோப்பிலிருந்து கட்டளைகளை வாசித்து, விசைப்பலகையில் தட்டியதைப் போலவே இயக்கும் ஒரு கட்டளை, தான் சாண்ட்பாக்ஸுக்குள் இருக்கிறோமா என்று சரிபார்க்கவே இல்லை. எனவே தந்திரமாக எழுதப்பட்ட ஒரு உரைக்கோப்பு, அதே கோப்பைக் கட்டளைப் பட்டியலாக வாசிக்கச் செய்து, இயக்குதளக் கட்டளை எதை வேண்டுமானாலும் ஓட்டிவிட முடிந்தது. பயனர் செய்ய வேண்டியிருந்தது கோப்பைத் திறப்பது மட்டுமே.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, கண்டுபிடித்தவர் வெளியிட்ட செயல்விளக்கம்தான். கோப்பைத் திறப்பதற்கு முன், அதில் உள்ளதை முனையத்தில் காட்டும் கேட் கட்டளையால் எட்டிப்பார்க்கும் வழக்கம் பலருக்கு உண்டு. முனையத்துக்கான கட்டுப்பாட்டுக் குறிகளைக் கோப்பில் நுழைத்து, ஆபத்தான வரி அப்படிப் பார்க்கும்போது கண்ணில் படாதபடி அவர் மறைத்துக் காட்டினார். கண்ணால் பார்த்து முடிவெடுப்போம் என்ற நம்பிக்கை அங்கே எடுபடவில்லை. விம்மில் 8.1.1365 திருத்தமும், அதிலிருந்து கிளைத்த நியோவிம்மில் 0.3.6 பதிப்பும் இந்தக் குறையை அடைத்தன. மோட்லைன் வழியாக விம்முக்கு ஆபத்து வந்தது அதுவே முதல்முறையும் அல்ல. 2002இலும் 2016இலும் இதே வசதியில் வேறு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன.

ஈமாக்ஸின் வரலாறும் இதைப் போன்றதே. வடிவமைப்போடு கூடிய உரைக்கோப்புகளைத் திறக்கும் அதன் முறையில், கோப்புக்குள் பொதிந்துவைத்த லிஸ்ப் (ஈமாக்ஸின் நிரல்மொழி) நிரலைத் திறந்தவுடனேயே இயக்கிவிடும் குறை இருந்தது. 2017 செப்டம்பரில் 25.3 பதிப்பை அவசரமாக வெளியிட்டு அதை முடக்கினார்கள். அந்தக் குறை உள்ளே வந்தது 1995இன் 19.29 பதிப்பில். மூலநிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருந்தும் 22 ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. நீண்டகாலம் புழங்கியதாலேயே ஒரு மென்பொருள் பாதுகாப்பானது என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் இதைச் சொல்வேன்.

நினைவக வழிதல் என்கிறார்களே, அது ஒரு திருத்தியில் எப்படி நிகழும்?

தமிழில் எழுதுபவர்களுக்கு எளிதாக விளங்கும் உதாரணம் ஒன்று இருக்கிறது. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி, யூடிஎஃப்-16 குறியாக்கத்தில் 2 பைட் இடம் பிடிக்கும். அதே குறி யூடிஎஃப்-8இல் 3 பைட் ஆகிவிடும். எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் திருத்தி, கோப்பின் அளவைப் போல ஒன்றரை மடங்கு இடத்தை நினைவகத்தில் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

நோட்பேட்++ அப்படித்தான் கணக்கிட்டது. ஆனால் யூடிஎஃப்-16 என்றால் பைட்டுகள் எப்போதும் இரட்டைப்படையில்தான் வரும் என்று அந்தக் கணக்கு நம்பிவிட்டது. வேண்டுமென்றே ஒற்றைப்படை நீளத்தில் ஒரு கோப்பைத் தயாரித்துக் கொடுத்தால் கணக்குப் பிசகி, ஒதுக்கிய இடத்துக்கு அப்பாலும் எழுதிவிடும். நினைவக வழிதல் என்பது இதுதான். அப்பால் இருப்பது நிரலின் வேறு தரவுகள். அவற்றைத் திட்டமிட்டு மாற்றத் தெரிந்தவர், நிரலின் போக்கையே தன் பக்கம் திருப்ப முயலலாம். சிவிஇ-2023-40031 என்று பதிவான இந்தக் குறையை, உடன் கண்டுபிடிக்கப்பட்ட வேறு மூன்று குறைகளோடு சேர்த்து, கிட்ஹப் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வகம் தெரிவித்தது. 2023 செப்டம்பரில் வந்த 8.5.7 பதிப்பில் நான்கும் திருத்தப்பட்டன.

நடைமுறையில் இப்படிப்பட்ட பிழைகள் பெரும்பாலும் திருத்தியைச் செயலிழக்கச் செய்வதோடு முடிந்துவிடும். இன்றைய இயக்குதளங்களில் நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்பதைக் குலைத்துப் போடும் பாதுகாப்புகள் இருப்பதால், முழுக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றுவது கடினம். கடினம் என்பதை இயலாதது என்று படித்துவிடக் கூடாது.

எண்கள் பயமுறுத்துகின்றன. 7.8 என்று மதிப்பெண் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே "உள்ளகத் தாக்குதல்" என்கிறார்களே. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

ஒரு குறை எவ்வளவு ஆபத்தானது என்று காட்டும் இந்த மதிப்பெண் 0 முதல் 10 வரை போகும். 7.0 முதல் 8.9 வரை உயர்ந்த ஆபத்து, 9.0 முதல் மிக உயர்ந்த ஆபத்து. திருத்திகளின் குறைகள் பெரும்பாலும் "உள்ளகம்" என்றே வகைப்படுத்தப்படுகின்றன. காரணம், குறையைத் தூண்டும் கோப்பு உங்கள் கணினியில் திறக்கப்பட வேண்டும். திருத்தி தானாக வலையில் காதுகொடுத்துக் காத்திருப்பதில்லை. ஆனால் அந்தக் கோப்பு மின்னஞ்சலில் வரலாம், நீங்கள் நகலெடுத்த மூலநிரல் களஞ்சியத்தில் இருக்கலாம், யாரோ அனுப்பிய பிழைப் பதிவாக இருக்கலாம். "உள்ளகம்" என்ற சொல்லைப் பார்த்து, தாக்குபவர் என் மேசைக்கு வந்தால்தானே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. 2022 வாக்கில் விம்முக்கு ஒன்றன்பின் ஒன்றாக சிவிஇ எண்கள் குவிந்தன. குறை கண்டுபிடிப்போருக்குப் பரிசளிக்கும் திட்டம் ஒன்றில் விம் சேர்க்கப்பட்டிருந்தது. தாறுமாறான உள்ளீடுகளை இலட்சக்கணக்கில் ஊட்டி எங்கே உடைகிறது என்று பார்க்கும் சோதனைக் கருவிகளைப் பலர் அதன்மேல் ஓட்டினார்கள். அப்படிக் கிடைத்தவற்றில் பல, வேண்டுமென்றே கோணலாக எழுதிய விம் கட்டளைக் கோப்பை நீங்களே இயக்கினால்தான் நிகழும். அந்தக் கோப்பை இயக்குமளவுக்கு உங்களை நம்பவைத்துவிட்டவருக்கு நினைவகப் பிழையின் தயவே தேவையில்லை. லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியனின் பாதுகாப்புக் குழு இவற்றில் பலவற்றைச் சிறியவை என்று குறித்துத் தனி அறிவிப்பு வெளியிடாமல் விட்டது. அது சரியான முடிவு என்பதே என் கருத்து.

ஆகவே மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் விளக்கத்தைப் படியுங்கள். "கோப்பைத் திறந்தால்" என்று இருந்தால் அன்றே புதுப்பியுங்கள். "தனிப்பட்ட கட்டளைக் கோப்பை இயக்கினால்" என்று இருந்தால் வழக்கமான புதுப்பிப்போடு வரட்டும்.

திருத்தப்பட்ட பதிப்பு எண்ணைவிட என் பதிப்பு எண் குறைவாக இருக்கிறது. நான் ஆபத்தில் இருக்கிறேனா?

லினக்ஸ் பயனர்களைப் பெரிதும் குழப்பும் கேள்வி இது. டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் போன்ற நிலைத்த வெளியீடுகள், ஆதரவுக் காலம் முழுவதும் மென்பொருளின் பதிப்பு எண்ணை அநேகமாக மாற்றுவதில்லை. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, தங்களிடம் உள்ள பழைய பதிப்பில் ஒட்டி வெளியிடுகிறார்கள். விம்மின் எண் பழையதாகவே தெரியும், குறை மட்டும் அடைபட்டிருக்கும். தொகுப்பின் பெயருக்குப் பின்னால் வரும் நீண்ட வாலில்தான் அந்த மாற்றம் தெரியும்.

எனவே விம்மின் பதிப்பு எண்ணை இணையத்தில் கண்ட எண்ணோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். உங்கள் வழங்கலின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்த சிவிஇ எண்ணைத் தேடினால், எந்தத் தொகுப்பில் திருத்தம் வந்தது என்று எழுதியிருப்பார்கள். தொகுப்பின் மாற்றப் பதிவிலும் அதே எண்ணைத் தேடலாம். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அபாயச் சங்கு ஊதும் தானியங்கிச் சோதனைக் கருவிகள் நிறைய உண்டு. அவற்றின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, நிலைத்த வெளியீட்டின் விம்மை நீக்கிவிட்டு எங்கிருந்தோ எடுத்த கட்டமைப்பை நிறுவுவது நிலைமையை மோசமாக்கும். அந்தக் கட்டமைப்புக்கு அடுத்த திருத்தத்தை யார் தருவார்கள்?

விண்டோஸில் நேரடியாக நிறுவும் திருத்திகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அங்கே எண் சொல்வதை நம்பலாம்.

புதுப்பித்துவிட்டேன், ஆனாலும் பழைய எண்ணே தெரிகிறது. ஏன்?

ஒன்றுக்கு மேற்பட்ட நகல்கள் இருக்கக்கூடும். மேக்ஓஎஸ் தன்னோடு ஒரு விம்மைக் கொண்டுவருகிறது. அது இயக்குதளப் புதுப்பிப்போடு மட்டுமே மாறும். மென்பொருள் நிறுவும் கருவியான ஹோம்ப்ரூ வழியாக நீங்கள் நிறுவியது இரண்டாவது நகல். முனையத்தில் எது இயங்கும் என்பதைத் தேடல் பாதையின் வரிசையே முடிவு செய்கிறது. லினக்ஸில் ஃபிளாட்பேக், ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவங்களில் நிறுவியவையும் தனித்தனியாகவே புதுப்பிக்கப்படுகின்றன. கொள்கலன் படிமங்களுக்குள் இருக்கும் விம்மைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் நினைப்பதே இல்லை. பென் டிரைவில் வைத்துப் பயன்படுத்தும் நோட்பேட்++ நகலும் அப்படித்தான், கையால் மாற்றும்வரை பழையதாகவே கிடக்கும். பயன்படாத நகல்களை நீக்கிவிடுவதே நல்லது.

புதுப்பிப்பு வழியாகவே தாக்குதல் வர முடியுமா?

வந்திருக்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நோட்பேட்++ புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்க, அதனுடன் வரும் சிறிய நிரல் தளத்தின் வழங்கியிடம் கேட்கும். வழங்கி ஒரு முகவரியைத் தரும். நிரல் அங்கிருந்து நிறுவியைப் பதிவிறக்கி இயக்கும். 2025இல் தாக்குதல்காரர்கள் அந்தத் தளம் தங்கியிருந்த வழங்கிச் சேவையை ஊடுருவி, குறிப்பிட்ட சில பயனர்களுக்குப் போக வேண்டிய பதிலை மட்டும் மாற்றி, அவர்களைத் தங்கள் நிறுவியை நோக்கித் திருப்பினார்கள். நோட்பேட்++ இன் மூலநிரலில் யாரும் கைவைக்கவில்லை. பழைய புதுப்பிப்பு நிரல், கிடைத்த நிறுவி உண்மையானதா என்று கண்டிப்பாகச் சரிபார்க்காமல் விட்டதுதான் அவர்களுக்கு வழிவிட்டது. 2025 டிசம்பரில் வந்த 8.8.9 பதிப்பிலிருந்து, பதிவிறக்கிய நிறுவியின் டிஜிட்டல் கையொப்பமும் சான்றிதழும் சரியாக இருந்தால்தான் நிறுவல் தொடரும். நடந்தது என்ன என்பதை 2026 பிப்ரவரியில் திட்டத்தின் சார்பில் வெளிப்படையாக அறிவித்தார்கள்.

8.8.9க்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் உள்ளிருக்கும் புதுப்பிப்புப் பொத்தானை அழுத்த வேண்டாம். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து புதிய நிறுவியை நேரடியாகப் பதிவிறக்கி, அதன் பண்புகளில் கையொப்பத்தைப் பார்த்துவிட்டு நிறுவுங்கள்.

நிறுவியை எங்கே வைத்து இயக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். அதே 2025இல் 8.8.1 பதிப்பின் நிறுவியில் வேறொரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. விண்டோஸின் ஒரு கருவியை முழு முகவரி குறிப்பிடாமல் அது அழைத்ததால், பதிவிறக்கக் கோப்புறையில் அதே பெயரில் ஒரு போலி நிரல் கிடந்தால் அது உயர்ந்த உரிமையோடு இயங்கிவிடும். 8.8.2 அதைத் திருத்தியது. நிறுவிகளை, வேறெதுவும் இல்லாத புதிய கோப்புறைக்கு நகர்த்தி இயக்கும் பழக்கம் இப்படிப்பட்ட குறைகள் பலவற்றைச் செயலற்றதாக்கிவிடும். ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்திலிருந்தோ, தேடல் முடிவின் உச்சியில் வரும் விளம்பரத்திலிருந்தோ நிறுவியை எடுப்பதை அறவே விட்டுவிடுங்கள்.

புதிய பதிப்பு புதிய ஓட்டையைக் கொண்டுவராதா? பழையதிலேயே இருந்துவிடலாமே?

கொண்டுவரும்தான். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கோப்புகளைத் திறக்க உதவும் விம்மின் செருகுநிரலில் 9.1.0858இல் சேர்ந்த ஒரு மாற்றம், சுருக்கக் கோப்புக்குள் இருக்கும் பெயரைச் சுத்திகரிக்காமல் கட்டளையோடு சேர்த்துவிட்டது. அதனால் தந்திரமான டார் கோப்பு ஒன்று இயக்குதளக் கட்டளைகளை ஓட்டும் நிலை வந்தது. 9.1.1164இல் அதைத் திருத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில், பழைய பதிப்பில் இருந்தவர்களுக்கு இந்தக் குறிப்பிட்ட ஆபத்து இருக்கவில்லை என்பது உண்மையே.

ஆனாலும் இரண்டு ஆபத்துகளும் சமம் அல்ல. புதிய பதிப்பில் இருக்கக்கூடிய ஓட்டையை யாராவது தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய பதிப்பின் ஓட்டையோ ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. திருத்தம் வெளியான நாளிலேயே, எந்த வரி எப்படி மாறியது என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தாக்குபவருக்கு அதுவே வரைபடம். பழையதில் தங்கியிருப்பவர் அந்த வரைபடத்தில் தன் வீட்டைக் குறித்துக் கொடுத்தவர் ஆகிறார். புதிய வசதிகள் மீது ஐயம் இருந்தால் நிலைத்த வெளியீட்டுக்குப் போங்கள். அங்கே திருத்தம் மட்டும் வரும், வசதிகள் தாமதமாக வரும்.

விண்டோஸின் நோட்பேட் எளிமையானதுதானே? அதற்கு மாறிவிடலாமா?

ஒரு காலத்தில் எளிமையாகத்தான் இருந்தது. 2025இல் அதற்கு மார்க்டவுன் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை) வடிவமைப்பும் சொடுக்கக்கூடிய இணைப்புகளும் வந்தன. 2026 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் சிவிஇ-2026-20841 என்ற குறையைத் திருத்த வேண்டியிருந்தது. மார்க்டவுன் கோப்பில் இருக்கும் தீய இணைப்பை ஒருவர் சொடுக்கினால் வெளியிலிருந்து நிரல் இயங்கும் வாய்ப்பு அதில் இருந்தது. புதிய நோட்பேட், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்படுகிறது. அலுவலகக் கணினிகளில் ஸ்டோரை முடக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆப்பிளின் டெக்ஸ்ட்எடிட்டும் விலக்கு அல்ல. சாதாரண உரைக்கோப்பு என்று பெயரிட்ட கோப்பை அது எச்டிஎம்எல் பக்கமாகப் படித்து, தகவல் கசியவிடும் குறை மேக்ஓஎஸ் 10.15இல் திருத்தப்பட்டது. நன்றாகப் பராமரிக்கப்படும் திருத்தி எதுவோ அதில் இருங்கள். மாறுவதால் மட்டும் பாதுகாப்பு கூடிவிடாது.

விஎஸ் கோட் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. நான் கவலைப்பட வேண்டியது ஏதாவது உண்டா?

நீட்சிகள், அதாவது திருத்திக்குக் கூடுதல் வசதி தரப் பிறர் எழுதிய துணைநிரல்கள். திருத்தியைவிட அவற்றைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். விஎஸ் கோட் நீட்சி உங்கள் முழு உரிமையோடு இயங்குகிறது. கைபேசிச் செயலியைப் போல, எதைத் தொடலாம் என்று அனுமதி கேட்கும் ஏற்பாடு அங்கே இல்லை. வண்ணத் தீம் என்று நிறுவிய ஒன்றால் உங்கள் கோப்புகளைப் படித்து வெளியே அனுப்ப முடியும். சந்தையில் தீய நீட்சிகள் பிடிபடுவதும் நீக்கப்படுவதும் தொடர்ந்து நடக்கிறது. பிரபலமான நீட்சியின் பெயரை ஓர் எழுத்து மாற்றி வெளியிடுவது வழக்கமான தந்திரம். நல்ல நீட்சியின் உரிமையாளர் கணக்கைக் கைப்பற்றிப் புதுப்பிப்பாகவே விஷத்தை அனுப்புவதும் உண்டு. நீட்சிகளைக் குறைவாக வைத்திருங்கள். வெளியிட்டவர் யார் என்று பாருங்கள். சில மாதங்களாகத் தொடாதவற்றை நீக்குங்கள்.

இன்னொன்று, திட்டக் கோப்புறை. ஒரு கோப்புறையைத் திறந்ததும் தானாக இயங்கும் பணிகளை அந்தக் கோப்புறைக்குள்ளேயே எழுதிவைக்க முடியும். அதனால்தான் 2021இல் 1.57 பதிப்பிலிருந்து, "இந்தக் கோப்புகளை எழுதியவர்களை நம்புகிறீர்களா" என்று விஎஸ் கோட் கேட்கத் தொடங்கியது. அந்தக் கேள்வி எரிச்சலூட்டுவதாகச் சொல்லி அணைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அணைக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வேலைவாய்ப்புத் தேர்வு என்ற பெயரில் ஒரு களஞ்சியத்தைக் கொடுத்துத் திறக்கச் சொல்லும் மோசடிகள் நடக்கும் காலம் இது. நம்பவில்லை என்று பதில் சொன்னால் வரும் கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் திறந்தாலும் நிரலைப் படிக்க முடியும். படித்துப் பார்ப்பதற்கு அது போதும்.

இப்போதைக்குப் புதுப்பிக்க முடியாத நிலை. என்ன செய்யலாம்?

விம்மில் மோட்லைனை அணைத்துவிடுங்கள். அமைப்புக் கோப்பில் செட் நோமோட்லைன் (set nomodeline) என்று ஒரே ஒரு வரி. டெபியனில் அது முன்கூட்டியே அணைத்தே வருகிறது. ஈமாக்ஸில், கோப்புக்குள் எழுதப்பட்ட மாறிகளை ஏற்கும் அமைப்பை அணைத்து வைக்கலாம். வெளியாரின் லிஸ்ப் கோப்புகளைத் திறக்கும்போது தானியங்கிப் பிழைச் சோதனையையும் நிறைவு செய்யும் வசதியையும் நிறுத்தி வையுங்கள். அவை கோப்பில் உள்ள மேக்ரோக்களை விரித்துப் பார்க்கும் சாக்கில் இயக்கிவிடும் குறை 30.1 பதிப்புக்கு முன்பு இருந்தது. ஐயத்துக்குரிய கோப்பை வேறு பயனர் கணக்கிலோ மெய்நிகர் கணினியிலோ திறக்கலாம். இவை எல்லாம் தற்காலிகமானவைதான். புதுப்பிக்கும் தேதியைக் குறித்துவைத்துவிட்டு இவற்றைச் செய்யுங்கள்.

அமைப்புக் கோப்புகளை நிர்வாகியாகத் திருத்த வேண்டியிருக்கிறது. நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கும் சூடோவைப் போட்டு விம்மைத் திறப்பது சரியா?

தவிர்க்கலாம். அப்படித் திறந்தால் திருத்தியும் அதன் செருகுநிரல்களும் முழு நிர்வாகி உரிமையோடு ஓடுகின்றன. சூடோஎடிட் நல்ல மாற்று. அது கோப்பின் தற்காலிக நகலை உங்கள் சாதாரண உரிமையில் திறந்து, முடித்த பிறகு உரிய இடத்தில் வைக்கிறது. அதிலும் 2023 ஜனவரியில் ஒரு குறை திருத்தப்பட்டது. திருத்தியைக் குறிக்கும் சூழல் மாறியில் கூடுதலாக ஒரு குறியைச் செருகி, அனுமதிக்கப்படாத கோப்புகளையும் திருத்தும் வழி அது. சூடோ 1.9.12பி2 அல்லது அதற்குப் பின் வந்தது இருக்கட்டும்.

நானோவிலும் இப்படி ஒன்று உண்டு. பாதியில் கொல்லப்படும்போது அது அவசர நகல் ஒன்றை எழுதும். அந்த இடத்தில் முன்கூட்டியே வேறொரு கோப்பைச் சுட்டும் ஓர் இணைப்பை வைத்து ஏமாற்ற முடிந்தது. நிர்வாகியாக நானோவை ஓட்டுபவருக்கே இது பெரிய ஆபத்து. 8.0 பதிப்பில் திருத்தம் வந்தது.

புதுப்பித்தும் தீராத சிக்கல்கள் உண்டா?

உண்டு. 2021 நவம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பவுச்சரும் ராஸ் ஆண்டர்சனும் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் காட்டியது. வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக யூனிகோடில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத திசைக் குறிகளை நிரலுக்குள் வைத்தால், திரையில் தெரியும் வரிசை ஒன்றாகவும் கணினி படிக்கும் வரிசை வேறாகவும் இருக்கும். குறிகளை யூனிகோட் விதிப்படி காட்டும் திருத்தியில் பிழை என்று எதுவும் இல்லை. திருத்திகள் செய்யக்கூடியது எச்சரிப்பது மட்டும். விஎஸ் கோட் உள்ளிட்டவை அதன் பிறகு அக்குறிகளைத் தனித்துக் காட்டத் தொடங்கின. அந்த எச்சரிக்கை வருவதற்கும் புதிய பதிப்பு வேண்டும்.

புதுப்பித்த பிறகு மறுதொடக்கம் தேவையா?

கணினிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. திருத்திக்குக் கட்டாயம் தேவை. வட்டில் இருக்கும் கோப்பு மாறினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திருத்தி நினைவகத்தில் பழைய நிரலாகவே தொடர்கிறது. முனையத்தை மூடினாலும் தொடர்ந்து ஓடும் டிமக்ஸ் அமர்வுகளில் வாரக்கணக்கில் திறந்து கிடக்கும் விம், பின்னணியில் ஓடும் ஈமாக்ஸ் டீமன், தொலைவழங்கியில் விஎஸ் கோட் விட்டுவைத்த துணைநிரல் ஆகியவை அடிக்கடி மறந்துபோகிறவை. விம்முக்கு உள்ளேயே வெர்ஷன் கட்டளையைக் கொடுத்தால், இப்போது ஓடும் நகலின் எண்ணும் அதில் சேர்ந்துள்ள திருத்தங்களின் எண்ணும் தெரியும். முனையத்தில் புதிதாகக் கேட்டால் வட்டில் இருப்பதன் எண்தான் வரும். இரண்டும் வேறாக இருந்தால், சேமித்துவிட்டு மூடித் திறங்கள்.